ஒரு வார்த்தை கேட்டானா

கோர்ட்டு வராந்தாவில் கிடப்பது ஒரே ஒரு பெஞ்சு, அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன், நாச்சிமுத்து வந்தான், வேட்டியை ஒதுக்கினான், என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். ஒரு வார்த்தை கேட்டானா? உட்கார்ந்துக்கட்டுங்களா என்று ஒரு வார்த்தை. பெஞ்சு அரசாங்கத்துடையது, எனக்கும் தெரியும், பவானி முன்சீப் கோர்ட்டு பெஞ்சை நான் என் பேருக்குப் பத்திரம் பண்ணி வைத்திருக்கவில்லை. ஆனால் முதலில் வந்தவன் நான். தோள் துண்டால் தூசி தட்டியவன் நான். ஃபேன் காற்று விழுகிற இடமாகப் பார்த்து, தூணுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று உட்கார்ந்து எழுந்து சரிபார்த்து இடம் பிடித்தவன் நான். இவன் வந்து அந்தக் காற்றுக்கும் எனக்கும் நடுவில் ஒரு மூட்டையைச் சாத்தின மாதிரி உட்கார்ந்திருக்கிறான். வாதியும் பிரதிவாதியும் இப்படித் தோள் உரச உட்காரலாமா, சட்டத்தில் இடம் இருக்கிறதா, கேட்க வேண்டும். இவன் சுபாவமே இதுதான், யாரையும் எதையும் கேட்க மாட்டான், தன் பாட்டுக்கு வருவான், தன் பாட்டுக்குப் போவான், இதைத்தான் மூன்று வருஷமாகக் கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கோர்ட்டில் நான் சொல்லியிருப்பது இதற்கு நேர் எதிர். நாச்சிமுத்து என்னை ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டுதான் போனான் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டான், பணிவாகக் கேட்டான், நானும் பிரியமாகச் சரி என்றேன் என்று கூண்டில் நின்று சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்குக் கூண்டு அவனுக்கு. என் வக்கீல் ஜெகதாம்பாள் கேள்வி கேட்பார், அவன் பதில் சொல்லுவான். கேட்டேன் என்று சொன்னால் சந்து எனக்கு. கேட்கவில்லை என்று சொன்னால் சந்து அவனுக்கு. உண்மை என்னவென்றால் அவன் கேட்கவில்லை. ஆக, நாச்சிமுத்து உண்மை பேசக் கூடாது என்று சங்கமேஸ்வரரை வேண்டிக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன், காலையில் கோயிலுக்குப் போய் விளக்கும் போட்டுவிட்டு வந்தேன், சாமியிடம் விவரம் சொல்லவில்லை, நல்லபடியாக முடியட்டும் என்று மட்டும் பொதுவாகச் சொல்லி வைத்தேன். எதற்கு இந்தப் பாடு என்றால் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சந்துதான். சின்ன லாரி ஒன்று கண்ணாடியை மடக்கிக்கொண்டால் போகும், அவ்வளவு அகலம். பத்திரத்தில் சந்து என்னுடையது. சர்வேயர் வந்து அளந்து பார்த்து ஆமாம் என்றார், அதில் அவனுக்கும் தகராறு இல்லை. மண் உங்களதாவே இருக்கட்டும், போய்வருகிற பாத்தியதை என்னது என்கிறான். அவன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, கொட்டகை நிறைய வாடகைக்கு விடுகிற பந்தல் சாமான், நாற்காலி, ஜமக்காளம், அண்டா, குண்டா. அங்கே வண்டி போக இந்தச் சந்தை விட்டால் வழி கிடையாது, வழி இல்லாவிட்டால் வண்டி இல்லை, வண்டி இல்லாவிட்டால் அவனுக்குப் பிழைப்பு இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அந்த வண்டி என் படுக்கையறை ஜன்னலை ஒட்டித்தான் போகிறது. ஊரில் நல்லது கெட்டது எது நடந்தாலும் முதல் தகவல் என் ஜன்னலுக்கு. விடிவதற்கு முன்னால் அண்டா உருண்டால் கல்யாணம், நாற்காலி மட்டும் போனால் யாரோ தவறிவிட்டார்கள். தனபாக்கியம் படுத்த வாக்கிலேயே, “நாக்காலி மட்டுந்தான் போவுதுங்க, ஆருன்னு பாருங்க” என்பாள். என் வீட்டுக்காரிக்கு அது செய்தி. எனக்கு டீசல் புகை.

இந்த வழக்கை முதலில் கொண்டுபோனபோது நான் எவ்வளவு சந்தோஷமாகப் போனேன். என்னிடம் சரக்கு இருந்தது. பூந்தொட்டிகளை வரிசையாக வைத்து வண்டியை மறித்திருக்கிறேன், கட்டிலைக் குறுக்கே போட்டுப் படுத்திருக்கிறேன், கருவேல முள்ளை வெட்டிப் போட்டிருக்கிறேன், ஒரு தடவை வண்டிக்கு முன்னால் நின்று செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் படித்திருக்கிறேன். கூட்டுறவு சங்கத்தில் தலையைக் குனிந்து உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன், வீரம் என்று சொல்லிக்கொள்ள என் வாழ்க்கையில் இருந்தது இவ்வளவுதான். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் ஜெகதாம்பாளிடம் சொன்னேன். அந்தம்மா கேட்கக் கேட்க முகம் இருண்டுகொண்டே போனது. “சார், இதையெல்லாம் வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார். ஏன் என்றேன். “உங்களுக்குப் பிடிக்கலை, நீங்க தடுத்தீங்க, அவர் உங்களை மீறிப் போனார்னா, அது அவர் தன் உரிமையில போனதா ஆயிடும். அப்படி இருபது வருஷம் போயிட்டா சட்டம் அவர் பக்கம். நீங்களா பிரியப்பட்டு, கேட்டதுக்குச் சரின்னு விட்டிருந்தா அது உங்க தயவு. தயவை எப்ப வேணும்னாலும் நிறுத்திக்கலாம்.” எனக்குத் தலை சுற்றியது. அப்படியானால் நான் போட்ட சண்டை எல்லாம்? “அவருக்குச் சாதகம்.” திட்டினது? “அவருக்குச் சாதகம்.” மனசுக்குள்ளேயே திட்டினது? “அதை யாரும் கேக்கலைன்னா பரவாயில்லை.” இதென்ன சட்டம், எதிரியாக இருந்தால் சொத்து போய்விடும், பாசமாக இருந்தால் சொத்து நிற்கும், இருபது வருஷத்துக்கு முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் தினம் அவனைக் கட்டிப்பிடித்து வழியனுப்பியிருப்பேனே. அந்தப் பக்கத்து வக்கீல் துரைக்கண்ணுவுக்கும் இதே சட்டம்தான். அவர் தன் கட்சிக்காரனிடம், அவர் உங்களோடு எத்தனை தடவை சண்டை போட்டார், நன்றாக யோசித்துச் சொல்லுங்கள், இன்னும் நன்றாக யோசியுங்கள் என்று கேட்டிருப்பார். என் வீரச் செயல்கள் எல்லாம் இப்போது அவர் கேஸ் கட்டுக்குள் பத்திரமாக இருக்கின்றன. இத்தனைக்கும் பூந்தொட்டி விஷயத்தில் நாச்சிமுத்து என்ன செய்தான் தெரியுமா, தொட்டிகளைத் தூக்கி நிழலில் வைத்துவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். என் செடிக்குத் தண்ணீர் ஊற்ற என்னை ஒரு வார்த்தை கேட்டானா?

எழுந்து போகிறான். போகட்டும். காற்று வருகிறது. எங்கே போகிறான், துரைக்கண்ணுவைப் பார்க்கவா, கடைசி நேரத்துப் பாடம் ஏதாவது படிக்கவா. இல்லை, டீக்கடைப் பக்கம் போகிறான். நான் கூண்டில் நின்ற நாள் மறுபடி மறுபடி வருகிறது. துரைக்கண்ணு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார், சந்தின் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்து வண்டியை மறித்தீர்கள் அல்லவா. காத்துக்காகப் படுத்தனுங்க என்றேன். வண்டி புறப்படுகிற நேரத்தில்தான் காற்று வருமா என்றார். “அந்நேரத்துலதாங்க ஆத்துப் பக்கமிருந்து வரும்” என்றேன், ஹாலில் எல்லோரும் சிரித்தார்கள், டைப் அடிக்கிற பெண் கூடச் சிரித்தது. முள்? அது ஆட்டுக்காகப் போட்டேன். ஆடு வளர்க்கிறீர்களா? ஊரில் ஆடு இல்லையா என்ன. நான் சொன்னதை எல்லாம் நீதிபதி கோர்ட்டு பாஷையில் திருப்பிச் சொல்ல, அந்தப் பெண் அடித்தது. நான் காற்றுக்காகவே கட்டிலில் படுத்தேன் என்று சொன்னால் சரிதான். வண்டியை மறிக்கும் நோக்கத்தில் படுத்தேன் என்று சொன்னால் சரியல்ல. அன்றிலிருந்து எனக்கு இது ஒரு வியாதியாகவே பிடித்துக்கொண்டது. சாப்பிடும்போது, குளிக்கும்போது, தூக்கம் வராதபோது எனக்குள்ளேயே யாரோ கேள்வி கேட்கிறார்கள், யாரோ டைப் அடிக்கிறார்கள். மூன்றாவது தோசை எனக்கு வேண்டாம் என்று சொன்னால் சரியல்ல. என் மனைவி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் சரியல்ல. நாச்சிமுத்துவை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது என்று சொன்னால், அங்கே வந்து டைப் நின்றுவிடும், பதில் அடிக்க மாட்டேன் என்கிறது.

அன்று கடைசியாக ஜெகதாம்பாள் எழுதிக் கொடுத்திருந்த ஒரு வரியைச் சொன்னேன். எப்படியாவது நீங்களே உள்ளே நுழைத்துவிடுங்கள் சார் என்று சொல்லியிருந்தார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்த வரிதான். “நாச்சிமுத்து எனக்குக் கூடப்பிறந்த தம்பியாட்டங்க. அவன் வந்து அண்ணா வண்டிய எடுத்துக்கட்டுங்களான்னு கேப்பான், நான் செரி எடுத்துக்கப்பா, பாத்துப் போன்னு சொல்லுவனுங்க.” சொல்லும்போது குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை, தொண்டை வறட்சி, காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நீதிபதி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாச்சிமுத்து ஹாலின் கடைசியில் சுவரோடு நின்றுகொண்டிருந்தான், அவனும் பார்த்தான். நான் காலண்டரைப் பார்த்தேன். அன்றைக்குச் சாயங்காலம் வண்டி சந்துக்குள் வந்தபோது ஹாரன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாக என் ஜன்னலுக்கு நேரே வந்ததும் இரண்டு தடவை அடித்துவிட்டுத்தான் திரும்புவான், அந்த ஹாரனுக்காக நான் காதில் பஞ்சு வைத்திருக்கிறேன், இப்போது சத்தமே இல்லாமல் பூனை மாதிரி வந்து போகிறது வண்டி. துரைக்கண்ணு சொல்லிக்கொடுத்த தந்திரமாக இருக்கும், இதற்குப் பின்னால் ஏதோ ஒரு சட்டப் பிரிவு இருக்கும். ஹாரன் வரவில்லையே என்று நான் விழித்துக்கொண்டு கிடக்கிறேன், இதை யாரிடம் புகார் சொல்வது.

இரண்டு காகிதக் கப்போடு வருகிறான். ஒன்றை என் பக்கத்தில் பெஞ்சின் மேல் வைக்கிறான். டீ குடிக்கறீங்களா என்று கேட்டானா? இல்லை. “சக்கரை போடலீங்ணா” என்கிறான், அவ்வளவுதான், உட்கார்ந்து எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீசைப் படிக்கிறான். எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும், தெரியாமல் என்ன, அவன் வீட்டுக்காரி மாராத்தாளுக்குத் தெரியாத என் வியாதி எது. பிரதிவாதி வாங்கிக் கொடுத்த டீயை வாதி குடிக்கலாமா? யோசித்துப் பார்த்தால் குடிப்பதுதான் நல்லது, சுமுகமாக இருக்கிறோம் என்பதற்கு அத்தாட்சி, நாலு பேர் பார்க்கட்டும். வழக்கை முன்னிட்டுக் குடிக்கிறேன். இஞ்சி தட்டிப் போடச் சொல்லியிருக்கிறான். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் சரிதான், சொல்லப்போவதில்லை. இந்த வழக்கில் எங்களைவிடப் பெரிய பாடு பட்டவை பாத்திரங்கள். தனபாக்கியம் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் சுவர் தாண்டிப் போகும், அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது, முறுக்கோ, பொரியலோ, முருங்கைக் காயோ எதையாவது போட்டுத்தான் மாராத்தாள் திருப்பித் தருவாள், யார் வீட்டிலும் அதுதானே வழக்கம். வழக்குப் போட்டதும் ஜெகதாம்பாள், தயவுசெய்து கிண்ணத்தை நிறுத்திவிடாதீர்கள், அது நமக்குச் சாட்சி என்றார். துரைக்கண்ணு அங்கே, வாங்கின கிண்ணத்தை வெறும் கிண்ணமாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், கொடுக்கல் வாங்கல் இருப்பதாகத் தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மாராத்தாள் என்ன செய்வாள், வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் வீட்டுக்கு ஆகாது, எதையாவது போட்டுக் கொடுத்தால் கேசுக்கு ஆகாது. அவள் கிண்ணத்தைக் கழுவி, உள்ளே ஒரே ஒரு கறிவேப்பிலை இலையைப் போட்டுக் கொடுத்தாள். தனபாக்கியம் அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்படியில் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என்னிடம் வந்து, “உங்க ஒரு சந்துக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

அப்புறம் அந்த ஆயுத பூஜைப் படம், அதற்கு நம்பர் போட்டு இரண்டு பக்கமும் தாக்கல் செய்திருக்கிறார்கள், ஒரே படம். படத்தில் சந்துக்குள் அவன் வண்டி நிற்கிறது, சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், முன்னால் நான் திருஷ்டிப் பூசணிக்காயைத் தலைக்கு மேல் தூக்கி உடைக்கப் போகிறேன், வாய் திறந்திருக்கிறது. என் ஸ்கூட்டரும் ஓரமாக மாலை போட்டுக்கொண்டு நிற்கிறது. வருஷா வருஷம் இரண்டு வீட்டு வண்டிக்கும் ஒரே பூசணிக்காய்தான், உடைப்பது மூத்தவனான நான்தான். அவ்வளவு பிரியம் பாருங்கள், இது தயவு இல்லாமல் என்ன என்கிறார் ஜெகதாம்பாள். அவர் வாயைப் பாருங்கள், எவ்வளவு கோபமாகத் திட்டுகிறார், வண்டிக்கு முன்னால் பூசணிக்காயைத் தூக்கிக் கொலைவெறியோடு நிற்கிறார் என்கிறார் துரைக்கண்ணு. அந்த நேரத்தில் நான் என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. குழந்தைகளை அக்கட்டால போகச் சொல்லியிருப்பேன். கொட்டாவியாகக்கூட இருக்கலாம்.

எல்லாம் இந்தக் கௌதம் கார் வாங்கியதால் வந்தது. என் மகன், திருப்பூரில் வேலை, காரைக் கொண்டுவந்து சந்தில் நிறுத்திவிட்டுச் சினிமாவுக்குப் போய்விட்டான், சாவியும் அவனோடு போய்விட்டது. நாச்சிமுத்து நாற்காலி ஏற்றிய வண்டியோடு உள்ளே மாட்டிக்கொண்டான், அங்கே மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு ஒறம்பரை சனம் எல்லாம் நின்றுகொண்டே தாலி கட்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். அவமானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் வந்து என் வாசலில் நின்று, “இதென்ன உங்க பாட்டன் ஊட்டு வழியா?” என்று கேட்கலாமா? “ஆமாப்பா, எங்க பாட்டன் ஊட்டு வழிதான், பத்தரம் இருக்குது” என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம், இரண்டு பேருமே மூடவில்லை. எனக்குச் சந்தில் கார் ஷெட் போட வேண்டும் என்று ஒன்றும் ஆசை இல்லை, கௌதமுக்குத்தான் ஆசை, அவன் வருவதே தீபாவளிக்கும் பொங்கலுக்கும். எனக்கு வேண்டியது ஒரு வார்த்தை. சந்தை என்ன வெட்டியெடுத்துக்கொண்டா போகப்போகிறான், போகட்டும், ஆனால் வீடு கட்டிக் குடிவந்த நாளில் முதல் தடவை வண்டியை உள்ளே விட்டானே, அன்றைக்கு வாசலில் வந்து, அண்ணா, உங்க எடம், எடுத்துக்கட்டுங்களா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் தாராளமாக என்று சொல்லியிருப்பேன், தேங்காய் உடைத்துக் கொடுத்திருப்பேன். அந்த வார்த்தைக்காகத்தான் தொட்டி, கட்டில், முள் எல்லாம். சங்கத்திலும் யாரும் என்னைக் கேட்டதில்லை, வீட்டிலும் கேட்பதில்லை, கௌதம் கேட்டா கார் வாங்கினான். எனக்கென்று பத்திரம் இருக்கிற ஒரே இடம் அது, அங்கேயுமா. எதையாவது கேட்டுச் செய்திருக்கிறானா இவன்? என் மகள் இந்துமதி கல்யாணத்தில் நான் பந்தலுக்கு வேறு ஆளிடம் விசாரித்துக்கொண்டிருந்தேன், விடிந்து பார்த்தால் என் வாசலில் பந்தல் நிற்கிறது, இவன் மேலே உட்கார்ந்து துணி கட்டிக்கொண்டிருக்கிறான், கத்தரிப்பூ நிறத் துணி, பெண்ணைப் பெற்றவனை என்ன நிறம் என்று ஒரு வார்த்தை கேட்டானா? எனக்குக் குடலிறக்கம் வந்து துடித்த அன்றைக்கு எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டானா? அள்ளி வண்டியில் ஜமக்காளத்தின் மேல் போட்டான், சுற்றிலும் கவிழ்த்துவைத்த நாற்காலிகள், ஈரோடு போய்ச் சேரும் வரைக்கும் நான் ஆகாயத்தையும் நாற்காலிக் கால்களையும் பார்த்துக்கொண்டே போனேன். வழியில் ஒரு இடத்தில் கூட வண்டி குலுங்கவில்லை, அவ்வளவு பதனமாக ஓட்டினான். ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும், பவானியிலேயே ஆஸ்பத்திரி இருக்கும்போது என்னைக் கேட்காமல் ஏன் ஈரோடு என்று அவனோடு சண்டை போட்டேன். அதுவும் துரைக்கண்ணுவின் கேஸ் கட்டுக்குள் இருக்கிறதோ என்னவோ.

டவாலிச் சேவகர் வாசலுக்கு வந்து அவன் பேரை மூன்று தடவை கூப்பிடுகிறார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவனை அவ்வளவு சத்தமாகக் கூப்பிட வேண்டுமா. நாச்சிமுத்து எழுந்து சட்டைப் பொத்தானைக் கழுத்து வரை போடுகிறான், காலிக் கப் இரண்டையும் எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போகிறான். பின்னால் நானும் போகிறேன். அவன் கூண்டில் ஏறி நிற்கிறான், எவ்வளவு நரைத்துவிட்டான், பந்தல் காலில் பாதி உயரம் ஏறி நின்று துணி கட்டியவன், இந்த இரண்டு படி ஏறக் கைப்பிடியைப் பிடிக்கிறான். ஜெகதாம்பாள் எழுந்து கவுனைச் சரிசெய்கிறார். துரைக்கண்ணு அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருப்பார், ஒரே ஒரு வார்த்தை போதும், இல்லை, அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடு என்று. அவன் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கொடுத்த வாக்குமூலத்திலும் அதுதான் இருக்கிறது, நான் யாரையும் கேட்டதில்லை, வாதிக்கும் எனக்கும் நல்லுறவு கிடையாது என்று. நல்லுறவு கிடையாது. அதைக் காகிதத்தில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவன் வாயால் கேட்டால் எப்படி இருக்கும். சொல்லிவிடாதே அப்பா. சொன்னால் சந்து போய்விடும், அதற்காகத்தான் சொல்லாதே என்கிறேன், வேறு எதற்காகவும் இல்லை. ஜெகதாம்பாள் கேட்கிறார், வாதி தானாகப் பிரியப்பட்டு வழி விட்டதால்தான் நீங்கள் வண்டியைக் கொண்டுபோனீர்கள், ஒவ்வொரு தடவையும் அவரிடம் அனுமதி கேட்டீர்கள், அப்படித்தானே. இல்லை என்று வரப்போகிற பதிலுக்கு அடுத்த கேள்வியை அந்தம்மா காகிதத்தில் விரலால் பிடித்துக்கொண்டே கேட்கிறார்.

நாச்சிமுத்து துண்டை எடுத்து முகத்தைத் துடைக்கிறான். நீதிபதி, “சொல்லுங்க” என்கிறார். “அண்ணன் அன்னிக்கு இதே கூண்டுல நின்னு, நான் அவருக்குக் கூடப்பிறந்த தம்பியாட்டம்னு சொன்னாருங்க” என்கிறான். “இத்தனை வருசத்துல அவரு வாயில அப்படி ஒரு பேச்சு நான் கேட்டதில்லீங்க. சபையில, அத்தனை பேருக்கு முன்னால சொன்னாரு. அவரு பொய் பேசற ஆளில்லீங்க. நான் கேட்டுட்டுத்தான் போனேன்னு அவரு சொன்னா, நான் கேட்டிருப்பனாட்ட இருக்குதுங்க.” துரைக்கண்ணு பாதி எழுந்து அப்படியே நிற்கிறார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “உங்க வாக்குமூலத்துல கேக்கவே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப இப்படிச் சொன்னா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?” என்கிறார். “தெரியுமுங்க. அது வக்கீலய்யா எழுதுனதுங்க. அண்ணன் தானா சொன்னாரு.” டைப் அடிக்கிற சத்தம் கேட்கிறது. வாதியிடம் அனுமதி கேட்டுத்தான் மேற்படி வழியைப் பயன்படுத்தி வந்தேன் என்று சொன்னால் சரிதான். ஜெகதாம்பாள் அடுத்த கேள்விகளை எல்லாம் மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறார், திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே ஜெயித்துவிட்டோம் என்கிறார். ஜெயித்துவிட்டேன். சந்தோஷம் எங்கே என்று மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற மாதிரி தடவிப் பார்க்கிறேன், இங்கேதானே வைத்திருந்தேன். தானாகச் சொன்னாராம். மடையா, அது நானாகச் சொன்னதில்லை, இந்தம்மா எழுதிக் கொடுத்தது, கண்ணாடி முன்னால் நின்று மனப்பாடம் பண்ணியது, அதையா நீ வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டாய், அதற்காகவா ஹாரன் அடிக்காமல் போனாய். தம்பியாட்டம் என்று நான் சொன்னது பொய் என்று சொன்னால் சரியா, சரியல்லவா, எனக்குள் இருக்கிற டைப் மிஷின் நின்றுவிட்டது, யாராவது சொல்லுங்கள். வெட்கமாக இருக்கிறது, சட்டை எல்லாம் நனைந்துவிட்டது.

வாதத்துக்கு வேறு தேதி கொடுத்துவிட்டார்கள், வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிற்கிறோம். “இனி பேச ஒண்ணும் இல்லை சார், தீர்ப்பு நம்ம பக்கம்தான், உங்க பையனை ஷெட்டுக்கு ஆள் பாக்கச் சொல்லுங்க” என்கிறார் ஜெகதாம்பாள். கொஞ்சம் தள்ளித் துரைக்கண்ணு நாச்சிமுத்துவைத் திட்டிக்கொண்டிருக்கிறார், இப்படிப்பட்ட ஒரு கட்சிக்காரனை என் சர்வீசில் பார்த்ததில்லை என்கிறார், அவன் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறான், பிறகு அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து வருகிறான். வழக்கம்போல இடித்துக்கொண்டு வந்து நிற்கவில்லை. எட்ட நிற்கிறான். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருக்கிறான், எதற்கு எடுத்தான், ஏன் என்னை யாரோ பெரிய மனுஷனைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறான். துரைக்கண்ணுவும் அவன் பின்னாலேயே வந்துவிட்டார். “சாயங்காலம் சித்தோட்டுல ஒரு வளைகாப்புக்குச் சாமான் போவோணுங்ணா” என்கிறான் நாச்சிமுத்து. குரலே அவனுடையதாக இல்லை. “உங்க சந்து வழியா வண்டிய எடுத்துக்கட்டுங்களா?”

வந்துவிட்டது. இருபது வருஷத்துக்கு மேலாகக் கட்டிலைப் போட்டும் முள்ளைப் போட்டும் நான் காத்துக்கொண்டிருந்த வார்த்தை, நான் நினைத்ததைவிடப் பணிவாக, இரண்டு வக்கீல் சாட்சியாக, துண்டு கையில் இருக்க வந்துவிட்டது. இப்படியா இருக்கும் இது? எவனோ வாசலுக்கு வெளியே நின்று தண்ணீர் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஜெகதாம்பாள் என் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, சரின்னு சொல்லுங்க சார், சரின்னு மட்டும் சொல்லுங்க என்கிறார். சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். கோபம் கோபமாக வருகிறது, அவனை நாலு அறை அறையலாம் போல இருக்கிறது. “ஏண்டா,” என்கிறேன், கோர்ட்டு வளாகம் முழுக்கக் கேட்கிற மாதிரி, “நீ என்னைக்கடா எங்கிட்டக் கேட்டுட்டுப் போயிருக்கே, இன்னிக்கு மட்டும் புதுசா வந்து கேக்கறே?” ஜெகதாம்பாள் கையிலிருந்த கட்டு நழுவி விழுகிறது. துரைக்கண்ணு, “சார், அதை இன்னொரு தடவை சொல்லுங்க” என்று சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறார்.